லேடாங் மலையடியில் என் மகளைத் திருப்பித் தந்தான்

அன்று பிற்பகல் மூன்று மணியிலிருந்து ஐந்தரை மணிவரை எனக்கு மகள் இல்லை. முருகனை நம்பும் உங்களிடம் அதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

நம் மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த மறு ஆண்டு அது. காஜா பேராங்கிலிருந்து ஒரு வேனில் லேடாங் மலையடிவாரத்துக்குப் போனோம். நான், மனைவி செல்லம், ஐந்து வயது மகள் மீனா. எங்களோடு, வீட்டில் மலாய் பேசும் கம்போங் செட்டி ஊர்க்காரரான நண்பர் நடராஜா, அவர் மனைவி, இரண்டு பையன்கள். சனிக்கிழமை என் மைத்துனரின் தோட்டத்தில் தங்கி, ஞாயிறு காலை அருவிக்குப் போனோம்.

சாப்பாட்டுக்குப் பிறகு நான் பத்திரிகைக்காகக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன்.

"லீவு நாள்லயும் நோட்டா? பிடுங்கித் தண்ணில போட்டுருவேன்" என்றாள் செல்லம். "பாத்திரம் கழுவிட்டு வரேன். மீனாவப் பாத்துக்குங்க."

சரி என்றேன். அருவியின் உயரம் எழுதினேன். தலை நிமிர்ந்தபோது மீனா இல்லை.

கூப்பிட்டோம். எல்லாரையும்விட நடராஜாவின் குரல்தான் பெரியது. "மீனா! ஓ மீனா!" பதில் இல்லை. அவர் அருவிக்குக் கீழிருந்த மடுவில் நான்கு முறை மூழ்கினார். ஒவ்வொரு முறை மேலே வந்தபோதும் செல்லம் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கைகளைப் பார்த்தாள்.

ஐந்து மணிக்குத் தோட்டக் காவலர் வந்தார். அவசரகாலச் சட்டம் அப்போது இன்னும் நீங்கவில்லை; காட்டில் பதுங்கிய கம்யூனிஸ்டுகளைப் பட்டாளம் தேடிக்கொண்டிருந்தது.

"அண்ணே, ஆறு மணிக்குள்ள எல்லாரும் வெளியேறணும். அதுக்கப்புறம் காட்டுல அசையறது யாருன்னு பட்டாளத்துக்காரன் கேக்க மாட்டான்."

"எம்புள்ளையையும் கேக்க மாட்டானா?" என்றாள் செல்லம்.



நான் தனியாகப் போய் ஒரு மூங்கில் புதரோரம் உட்கார்ந்தேன். குரல் போய்விட்டிருந்தது. மனம் தானாகவே செய்தி எழுதத் தொடங்கியது. வயது ஐந்து. மஞ்சள் பாவாடை. இப்படிப்பட்ட செய்திகளை எத்தனையோ முறை மூன்று வரியில் எழுதிவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறேன். அதை நினைத்தபோது உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை.

முருகா என்றேன். அதற்கு மேல் என்ன கேட்பது என்று தெரியவில்லை. வீட்டில் மாலை விளக்கேற்றியதும் செல்லமும் மீனாவும் பாடும் முருகன் பாட்டுதான் வாயில் வந்தது. அவர்கள் பாடும்போது நான் சும்மா உதட்டை அசைப்பவன். கரகரத்த குரலில் பாடினேன்.

"அப்பா, நடுவுல ஒரு வரி விட்டுட்டீங்க."

குரல் புதருக்குள்ளிருந்து வந்தது. என்னிடமிருந்து எட்டடி தூரம். பத்து முறையாவது நாங்கள் கூப்பிட்டுக்கொண்டே கடந்துபோன இடம். தட்டாம்பூச்சியைத் துரத்திப் போனவள், எங்கள் கூச்சலுக்குப் பயந்து பதுங்கியிருக்கிறாள்.

செல்லம் அவளை அடிக்கவும் செய்தாள், அணைக்கவும் செய்தாள். "இத்தன தடவ கூப்டமே, ஏன்டி பேசல?"

"காலைல நடராஜா மாமா எங்ககிட்ட சொன்னாரு. மலையில பேரு சொல்லிக் கூப்ட்டா பதில் பேசக்கூடாதாம். பேய் அப்பா குரல்லகூடக் கூப்பிடுமாம்."

"இப்ப மட்டும் ஏன் பேசுன?"

"பேய் சாமி பாட்டு பாடுமா?"

நடராஜா தலையில் அடித்துக்கொண்டு மலாயில் புலம்பினார். "சாலா சாயா, என் தப்பு, என் தப்பு." மலைக்குப் போகும் குழந்தைகளுக்கு அவர்கள் வீட்டில் வழக்கமாகச் சொல்லும் எச்சரிக்கை அது. சொன்னவரே மறந்துவிட்டார். தப்பு அவருடையது மட்டுமல்ல. பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னவன் நான்.

ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் வேன் கிளம்பியது.

தற்செயல் என்று சிலர் சொல்வார்கள். கேள்வி கேட்பது என் தொழில். நானும் கேட்டுப் பார்த்தேன். பாடவே பாடாத என் வாயில், பெயர் சொல்லி எத்தனை முறை கூப்பிட்டாலும் அவள் பேசியிருக்காத அந்த வேளையில், அந்தப் பாட்டை வைத்தது யார்? முருகன் என்பதைத் தவிர வேறு விடை எனக்குக் கிடைக்கவில்லை.

அந்த இரண்டரை மணி நேரம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. அடுத்த அறையில் மீனாவின் சத்தம் கேட்காவிட்டால் எழுந்துபோய்ப் பார்க்கிறேன். ஆனால் இப்போது தினமும் விளக்கு முன் உட்கார்ந்து வாய்விட்டுப் பாடுகிறேன். காணாமல் போன பிள்ளையைப் பற்றிச் செய்தி வந்தால், அந்தப் பெயரை முருகனிடம் சொல்லாமல் எழுதுவதில்லை.

வேண்டக்கூட வார்த்தை வராத துயரத்தில் உங்களில் எவரேனும் இருக்கலாம். வெள்ளிக்கிழமை மாலை நம் முருகன் கோவிலுக்கு வாருங்கள். தெரிந்த ஒரு வரியைப் பாடுங்கள். என்னைவிட மோசமாக யாரும் பாடிவிட முடியாது. எனக்கே அவன் செவி சாய்த்தான்.