சுரண்டி எடுத்த பெயர்

சிஸ்ஸி பிறந்தபோது அவள் பெயர் சிஸ்ஸி இல்லை. இதைச் சொன்னால் இன்றைக்கு ஹாக்ஸ்டனில் நம்ப ஆள் கிடையாது. எண்பத்து மூன்று வருஷம் அந்த ஊரை விட்டு நகராதவள். தபால்காரர் முதல் பாதிரியார் வரை எல்லோருக்கும் அவள் சிஸ்ஸி, வயதான பிறகு சிஸ்ஸி அத்தை. ஒரு பெயரை ஒரு ஊரே சேர்ந்து மறந்துவிட முடியும் என்பதற்கு அவளைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

அலபாமாவில் எங்கள் பக்கத்தில் குடும்பப் பெயர் என்றால் சொத்து மாதிரி. பெண் கல்யாணமாகிப் போனால் அவள் பிறந்த வீட்டுப் பெயர் அவளோடு போய்விடும். அதனால் அவளுக்கு முதலில் பிறக்கிற பிள்ளைக்கு அந்தக் குடும்பப் பெயரையே முதல் பெயராக வைத்துவிடுவார்கள். பையன் என்றால் அத்தோடு சரி. பெண் என்றால் பின்னால் ஆன், மே, லின் என்று ஏதாவது ஒன்றை ஒட்டி இரட்டைப் பெயராக்கி, இரண்டையும் சேர்த்தேதான் கூப்பிடுவார்கள். பாதியை முழுங்கினால் திட்டு விழும்.

ஏசா லார்க்கினுக்குப் பருத்தி ஜின்னிங் ஆலை இருந்தது, பன்னிரண்டு அறை வீடு இருந்தது, மகன் இல்லை. ஒரே மகள் எவலின். அவளைக் கட்டிய ஹோபர்ட் டீக், மாமனார் ஆலையில் மூட்டை எடைபோட்டுக்கொண்டு மாமனார் வீட்டிலேயே இருந்தான். மாமனார் சிரித்தால் சிரிப்பான், தும்மினால் கைக்குட்டை எடுத்து நீட்டுவான். 1931 மார்ச்சில் எவலினுக்குப் பெண் பிறந்தது. இனிமேல் பிள்ளை பிறக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கிழவர் கட்டிலருகே வந்து குழந்தையை எட்டிப் பார்த்தார்.

"இவ்வளவுதானா?" என்றார்.

ஹோபர்ட் இழுத்தான். "எங்கம்மா பேரு மாட்டி. அதையே வைக்கலாம்னு..."

"உங்கம்மா பேரை உன் நாய்க்கு வை. பையன் வருவான்னு என் பேரை எடுத்து வெச்சிருந்தேன். வரமாட்டான்னா என்ன செய்யறது? இதுக்கே வைங்க."

அப்படித்தான் அவள் லார்க்கின் ஆன் ஆனாள். மிச்சத்துக்கு வந்த பெயர் என்று அவளுக்குத் தெரியாது. ஒரு வாரம் கழித்து மாண்ட்கோமரியிலிருந்து வெள்ளிக் கோப்பை வந்தது. அதன் வயிற்றில் வளைவு வளைவாக இரண்டு சொல்லும் செதுக்கியிருந்தது. அந்தக் கோப்பையில்தான் அவள் பால் குடித்தாள், அதைப் பார்த்துத்தான் எழுதப் படித்தாள். பள்ளிக்கூட பெஞ்சில், கொல்லை பெக்கான் மரத்தில், குளியலறைக் கண்ணாடியின் ஆவியில் எல்லாம் லார்க்கின் ஆன். சனிக்கிழமைதோறும் கிழவர் அவளை ஆலைக்குக் கூட்டிப்போவார். வேலைக்காரர்கள் தொப்பியை எடுப்பார்கள்.

"யாருடி நீ?" என்று எல்லோர் முன்னாலும் கேட்பார்.

"லார்க்கின் ஆனுங்க, தாத்தா!"

"இன்னும் சத்தமா!"

ஒன்பது வருஷம் இப்படிக் கழிந்தது. அவள் மூக்கு கொஞ்சம் வானத்தைப் பார்த்திருந்தது என்று அவளோடு படித்தவர்கள் சொல்வார்கள். இருக்கட்டுமே. வேறு எப்போது பார்க்கப் போகிறது?

1940 அக்டோபரில், டாக்டர் வாய் முகூர்த்தத்தைப் பொய்யாக்கிக்கொண்டு, எவலினுக்குப் பையன் பிறந்தான். கிழவர் அன்றைக்கு ஆலைக்கு விடுமுறை விட்டார். அடுத்த நாள் காலை கோட்டுப் போட்டுக்கொண்டு கவுண்ட்டி ஆபீசுக்குப் போனார். போன வேலை என்ன என்று யாரும் கேட்கவில்லை. மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் அவரே சொன்னார்.

"பையன் பேரு லார்க்கின் டீக். காகிதத்துல ஏத்தியாச்சு." பிறகு, உப்பை எடு என்று சொல்கிற குரலில், பெண்ணைப் பார்த்து, "உன் பேரு இனிமே வெறும் ஆன். வீட்ல சிஸ்ஸின்னு கூப்பிடுவோம். தம்பி வந்துட்டான்ல, அக்காவைச் சிஸ்ஸின்னுதானே கூப்பிடுவாங்க."

"என் பேரு லார்க்கின் ஆனுங்க, தாத்தா."

"அது உனக்கு இரவல் குடுத்தது. ஆள் வந்துட்டான், திருப்பிக் குடுத்துடு."

அவள் அம்மாவைப் பார்த்தாள். எவலின் குழந்தையின் காலுறையைச் சரிசெய்தாள். அப்பாவைப் பார்த்தாள். ஹோபர்ட் பிஸ்கட் என்கிற மெத்தென்ற ரொட்டியில் வெண்ணெய் தடவினான், ஏற்கெனவே தடவிய பிஸ்கட்டில்.

கிழவர் அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பொரித்த கோழிக்கால், பச்சைப் பட்டாணி, குழம்பு ஊற்றிய சூடான பிஸ்கட். "யாருடி நீ?" என்றார், சனிக்கிழமைக் கேள்வியை அதே சிரிப்போடு.

"லார்க்கின் ஆன்."

"அப்படி யாரும் இந்த வீட்ல இல்லை. இல்லாதவங்களுக்குச் சாப்பாடும் இல்லை."

ராத்திரியும் அதே கேள்வி, அதே பதில். மறுநாள் மூன்று வேளையும் அப்படியே. பள்ளிக்கூடத்தில் டீச்சர் வருகைப் பதிவில் புதுப் பெயரை வாசித்தபோது வாயைத் திறக்காமல் நின்றாள், அதற்கும் தண்டனை கிடைத்தது. கிழவர் கோபப்படவே இல்லை. அதுதான் மோசம். தட்டை இழுப்பார், கேட்பார், காத்திருப்பார், தள்ளி வைப்பார். மூன்றாம் நாள் மத்தியானம் மேஜை மேல் அதே பொரித்த கோழி. வாசனை அடித்ததும் அவளுக்குத் தலை சுற்றியது.

"யாருடி நீ?"

"சிஸ்ஸி," என்றாள்.

"சிஸ்ஸிங்க, தாத்தான்னு சொல்லு."

"சிஸ்ஸிங்க, தாத்தா."

தட்டு வந்தது. எலும்பு வரை கடித்துத் தின்றாள். ஒரு கோழிக்காலுக்கு என் பேரை விற்றேன் என்று, அறுபது வயதுக்கு மேல் என் அம்மாவிடம் ஒரு தடவை சொன்னாளாம். கொடுத்தவரைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. தின்ற தன்னைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை.

கோப்பையும் போனது. அதில் லார்க்கின் என்பதை விட்டுவிட்டு ஆன் என்பதை மட்டும் நகைக்கடைக்காரர் அரம் வைத்துச் சுரண்டி எடுத்தார். அந்த இடம் மெலிந்து, விரலால் அழுத்தினால் லேசாக உள்வாங்கும். அதில் தம்பிக்குப் பால் ஊற்றிக் கொடுக்கிற வேலையை அவளுக்கே கொடுத்தார்கள்.

இங்கேதான் ஊர் அவளைச் சரியாக எடைபோடவில்லை. பால் ஊற்றினாள், தூளியாட்டினாள், தம்பியை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு திரிந்தாள். எவ்வளவு பாசம் பாருங்கள் என்றார்கள். பையனுக்குத் தலை நீளமாக, இரண்டு பக்கமும் ஒடுங்கி இருந்தது. அவன் காதில் அவள் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே சொல்லைத்தான் சொன்னாள்: டேட்டர். உருளைக்கிழங்கு என்று அர்த்தம். சர்ச்சில் அவனைக் கொஞ்ச வந்த பெண்களிடம், "இவன் டேட்டருங்கம்மா. தலையைப் பாருங்க, தெரியும்," என்பாள். அவர்கள் சிரித்தார்கள். சிரித்தால் ஒட்டிக்கொள்ளும் என்று பத்து வயதில் அவளுக்குத் தெரிந்திருந்தது. செல்லப்பெயர் பிடித்துவிட்டால் எங்கள் ஊரில் எந்தக் கவுண்ட்டி ஆபீசும் ஒன்றும் செய்ய முடியாது. பையனுக்கு நான்கு வயதாகும்போது ஆலை வேலைக்காரர்கள்கூட "வாங்க சின்ன டேட்டர்" என்றார்கள். கிழவர் தடியால் மேஜையைத் தட்டி, "என் பேரன் பேரு லார்க்கின்!" என்று கத்துவார். பையன் யாரைச் சொல்கிறார் என்று சுற்றுமுற்றும் பார்ப்பான்.

1947 கோடையில் கிழவருக்குப் பக்கவாதம். கீழறையில் ஜன்னலோரம் படுக்கை. சிஸ்ஸிக்குப் பதினாறு வயது. கட்டிலருகே நாற்காலியில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே பையன் ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருந்தான்.

"லார்க்கின்," என்றார் கிழவர். பாதி வாய்தான் அசைந்தது. "லார்க்கின். இங்க வா."

ஊஞ்சல் நிற்கவில்லை. அது தன் பெயர் என்பது பையனுக்கு உறைத்தால்தானே?

"லார்க்கின்..."

"யாரைக் கூப்பிடறீங்க, தாத்தா?" என்றாள் சிஸ்ஸி. "அப்படி யாரும் இந்த வீட்ல இல்லையே."

கிழவர் அவளைப் பார்த்தார். கையை அவள் பக்கம் நீட்டினார் என்று சிலர் சொல்வார்கள். யாரும் பார்க்கவில்லை, அறையில் அவர்கள் இரண்டு பேர்தான். பார்த்தவள் சொன்னது இவ்வளவு: நாலு தடவை கூப்பிட்டார், அப்புறம் கூப்பிடவில்லை. அவள் மிச்சப் பட்டாணியை உரித்து முடித்துவிட்டுத்தான் அம்மாவைக் கூப்பிடப் போனாள்.

அதற்குப் பிறகு அவள் வாழ்க்கையில் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. டாயில் பர்விஸ் என்ற தீவனக் கடைக்காரனைக் கட்டினாள். நல்ல மனுஷன், சீக்கிரம் போய்விட்டான். பிள்ளை இல்லை. பிறந்திருந்தால் என்ன பெயர் வைத்திருப்பாள் என்று அவள் அம்மாவுக்குத் தெரியும். கல்யாணத்தன்றே, "அந்தப் பேரு உன் தம்பி வம்சத்துக்கு, ஞாபகம் வெச்சுக்க," என்று எவலின் முக்காட்டைச் சரிசெய்துகொண்டே சொன்னாளாம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தாள். வெளியூரிலிருந்து யாராவது லார்க்கின் டீக் வேண்டும் என்று கேட்டால், "அப்படி யாரும் ஊர்ல இல்லைங்க. டேட்டர் டீக்கா? இணைக்கிறேன்," என்பாள். டேட்டர் ஆலையைக் குடித்தே விற்றான். அவன் சாவு அறிவிப்பிலும் டேட்டர் என்றுதான் போட்டார்கள்.

கடைசியில் சிஸ்ஸி முதியோர் இல்லத்துக்குப் போனாள். கால் போயிருந்ததே தவிர மூளை எங்கேயும் போகவில்லை. ஒரு ஏப்ரல் காலையில் டேட்டரின் பேத்தி கெல்லர் கைக்குழந்தையோடு பார்க்க வந்தாள். வாய் ஓயாத பெண்.

"அத்தை, ரெண்டு வாரம் உக்காந்து குடும்பப் பேரெல்லாம் பட்டியல் போட்டோம். டீக் லின்னு பார்த்தோம், நல்லால்ல. பர்விஸ்னு வெச்சா தீவனக் கடை மாதிரி இருக்கு, கோச்சுக்காதீங்க. அப்புறம் தாத்தாவோட நெசப் பேரு கெடச்சுது, யாருமே புழங்காத பேரு! பொண்ணுக்கு எவ்வளவு அழகா பொருந்துது பாருங்க. லார்க்கின் ஆன்!"

"வந்துட்டேங்க," என்றாள் சிஸ்ஸி.

யோசிக்காமல் வந்துவிட்டது. கெல்லர் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு பையிலிருந்து வெள்ளிக் கோப்பையை எடுத்தாள்.

"இது தாத்தாவோடது. பின்னால ஆன் சேர்க்கலாம்னு கடையில கேட்டோம். இந்தப் பக்கம் ஏன்னு தெரியல, தேஞ்சு போயிருக்கு. இன்னொரு தடவை செதுக்கினா ஓட்டை விழுந்துடுமாம்."

சிஸ்ஸி கோப்பையை வாங்கி, மெலிந்த இடத்தில் கட்டை விரலை வைத்தாள். லேசாக உள்வாங்கியது.

"அது என் பேரு," என்றாள். "உங்க தாத்தாவுக்கு முன்னாடி எனக்குத்தான் வெச்சாங்க. இங்கதான் ஆன் இருந்துச்சு. சுரண்டிட்டாங்க."

கெல்லரின் முகம் மாறியது. குழந்தைகளிடம் பேசுகிற குரலுக்கு வந்தாள். "இல்ல, அத்தை கண்ணு. நீங்க சிஸ்ஸி. இவதான் லார்க்கின் ஆன்." கோப்பையை மெதுவாக அவள் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள். போகும்போது வாசலில் ஆயா டெனிஸிடம், "அத்தைக்குக் குழப்பம் ஆரம்பிச்சிருக்கு போல. பார்த்துக்குங்க," என்று சொல்வது உள்ளே நன்றாகவே கேட்டது.

மத்தியானம் டெனிஸ் தட்டைக் கொண்டுவந்தாள். கெட்டவள் இல்லை, வேலை அதிகம். பொரித்த கோழி, பிஸ்கட், கிண்ணத்தில் வாழைப்பழப் புட்டிங்.

"சாப்பிடறதுக்கு முன்னாடி டாக்டருக்காக ஒரே ஒரு கேள்வி, தங்கம். உங்க பேரு என்ன?"

"லார்க்கின் ஆன்."

"அது பாப்பா பேரும்மா. உங்க பேரு?"

"லார்க்கின் ஆன்."

டெனிஸ் விளையாட்டாகப் புட்டிங் கிண்ணத்தைத் தன் பக்கம் நகர்த்தினாள். "சரியாச் சொன்னாத்தான் இது."

சிஸ்ஸி இரண்டு கையாலும் முழுத் தட்டையும் அவள் பக்கம் தள்ளிவிட்டாள்.

ராத்திரியும் தள்ளினாள். மறுநாளும் தள்ளினாள். டெனிஸ் பயந்துபோய், "பேரும் வேணாம் ஒண்ணும் வேணாம், சாப்பிடுங்கம்மா," என்று கெஞ்சினாள். சொந்தப் பெயர் மறந்துவிட்டது, உணவை மறுக்கிறார் என்று டாக்டர் எழுதினார். ஒன்பது வயதில் மூன்று நாள்தான் தாங்கினாள். இப்போது பதினொரு நாள்.

கல்லறைக் கல்லுக்கு முழுப் பெயர் என்ன போடுவது என்று கல் செதுக்குகிறவர் கெல்லரிடம் போனில் கேட்டார். அவள் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"சிஸ்ஸி பர்விஸ்னு போட்டாப் போதும்," என்றாள். "வேற பேரெல்லாம் அவங்களுக்குக் கெடையாது."