என் கூரைக் கம்பியும் மண்டபத்து ஸ்பாட்லைட்டும்

தலைவரே, நீங்கள் பொய் சொன்னீர்கள். ரெம்பியாவுக்கு வெளியே இருக்கும் நம் தாமானின் குடியிருப்பாளர் சங்கக் கூட்டத்தில், அத்தனை பேர் முன்னாலும் சொன்னீர்கள். மண்டபத்தைச் சுற்றியுள்ள வீடுகளில் ரிமோட்டை அமுக்கினால் ஆட்டோகேட் திறக்காததற்கு, என் கூரையிலிருந்து பின்வேலி மாமரத்துக்குப் போகும் செப்புக் கம்பிதான் காரணம் என்றீர்கள். ஆண்டு முடிவதற்குள் அதை இறக்கச் சொல்லி நோட்டீசும் ஒட்டினீர்கள்.

அந்தக் கம்பி எதையும் அனுப்பாது. வாங்கும், அவ்வளவுதான். சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் கருவிகளைப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சிற்றலையில் உலகத்தின் மறுகோடியில் எவனோ ஒரு அமெச்சூர் வானொலிக்காரன் தட்டும் மோர்ஸ் தந்திக் குறிகளைக் காதால் பிடித்து நோட்டில் எழுதுவேன். பிழையில்லாமல் எழுதுவேன். இந்தத் தாமானில் வேறு யாருக்கும் அது வராது.

சில மாதங்களாக ரேடியோவில் வெல்டிங் வைப்பது போன்ற இரைச்சல். மோர்ஸ் எல்லாம் அதில் மூழ்கிப்போனது. நோட்டீசைப் பார்த்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்ததும் வீட்டு மெயின் சுவிட்சை அடைத்துவிட்டு, ரேடியோவைப் பேட்டரியில் ஓட்டினேன். இரைச்சல் குறையவில்லை. வீட்டில் கரண்டே இல்லை, ஆகவே குற்றம் வெளியில்தான் என்று முடிவு கட்டினேன். மீன்தொட்டி மோட்டார்தான் காரணம் என்று பக்கத்து வீட்டு அக்காவைத் திட்டிவிட்டு வந்தேன்.

பிறகு கைரேடியோவை எடுத்துக்கொண்டு தெருவில் நடந்தேன். மத்திய அலையில் நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் முள்ளை வைத்து, பெட்டியைப் படுக்கைவாக்கில் மெல்லச் சுழற்ற வேண்டும். இரைச்சல் அடங்கும்போது பெட்டியின் நுனி எந்தப் பக்கம் நீள்கிறதோ, அந்தக் கோட்டில்தான் குற்றவாளி இருப்பான். இரண்டு மூன்று இடத்தில் நின்று பார்த்தால் கோடுகள் ஒன்றையொன்று வெட்டும். வெட்டின. என் வீட்டு ஹாலில்.

உள்ளே திரு இருதயப் படத்தின் கீழே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"மெயினை அடைச்சேனே, இது எப்படி எரியுது?"

மனைவி துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "நல்லா கேக்குறீங்க. கரண்டு போனாலும் சாமி விளக்கு அணையக் கூடாதுன்னு பேட்டரிப் பெட்டி வெச்சுக் குடுத்ததே நீங்கதானே. அந்த அக்காவ வேற ஏசிட்டு வந்துட்டீங்க."

பேட்டரிக் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் அந்தப் பெட்டிதான் ரேடியோவில் கத்திக்கொண்டிருந்தது. என் கையால் வைத்த வினை. அதைக் கழற்றிவிட்டு, வெறும் பேட்டரியில் நேராக ஒரு சின்ன பல்பைக் கோத்தேன். விளக்கும் அணையவில்லை, இரைச்சலில் பாதி செத்தது. அக்காவிடம் போய் மன்னிப்பும் கேட்டேன்.

அடுத்த கூட்டத்தில் மைக்கை வாங்கி இதை நானே சொன்னேன். "அண்ணே, சாமியே ஒங்களுக்கு ஜாம் பண்ணிட்டாரு போல," என்றார் பின்வரிசையில் ஒருத்தர். மண்டபமே சிரித்தது. எல்லாரையும்விட நீங்கள் அதிகம் சிரித்தீர்கள், தலைவரே.

மிச்சப் பாதியை மறுநாள் தேடினேன். இந்த முறை கோடுகள் மண்டபத்து வாசலில் வெட்டின. நீங்கள் வாங்கி மாட்டிய ஸ்பாட்லைட், பகலிலும் எரிகிற அதே விளக்கு. மண்டபத்துக்கு எதிர்வீட்டுக்காரரான சங்கச் செயலாளரைக் கூப்பிட்டேன். அவர் விளக்கை அடைத்தார். என் கைரேடியோ அமைதியானது. தன் ரிமோட்டை அமுக்கினார், கேட் திறந்தது. விளக்கைப் போட்டார், கேட் அசையவில்லை. மூன்று முறை செய்து பார்த்தோம்.

"இத தலைவர்கிட்ட யாருலா போய்ச் சொல்றது?" என்றார்.

"நீங்கதான். விளக்க அரை மணி நேரம் அடைச்சே வெச்சிருங்க," என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். மாதக்கணக்கில் கேட்காத மெல்லிய மோர்ஸ், சுத்தமாக வந்தது. எழுதினேன். ஒரு எழுத்துத் தப்பவில்லை.

தெரியாமல் பேசிவிட்டீர்கள் என்று விட்டிருப்பேன். ஆனால் செயலாளர் அன்றைக்கே உங்களிடம் சொல்லிவிட்டார். விளக்கு இன்னும் எரிகிறது, நோட்டீசும் கிழியவில்லை. கம்பியை நான் இறக்க மாட்டேன்.

அடுத்த கூட்டத்துக்குச் செயலாளரின் கேட் ரிமோட்டை வாங்கிக்கொண்டு வாருங்கள். எல்லாரும் பார்க்க அந்த ஸ்பாட்லைட்டை அடைத்தும் போட்டும் காட்டுங்கள். என் தப்பை நான் மைக்கில் சொன்னேன். கேட்டைக் கெடுத்தது என் கம்பியா, உங்கள் விளக்கா? நீங்களும் அதே மைக்கில் பதில் சொல்லுங்கள்.