குவைத்திலிருந்து வந்த சுவர்

என் தங்கையின் வீட்டுச் சுவரை அலங்கரிக்க வேண்டும் என்று தீர்மானித்தவள் அந்த வீட்டில் இல்லை. அவள் குவைத்தில் இருந்தாள். தங்கையின் ஒரே மகள். தன் பிள்ளையைத் தாயிடம் விட்டுவிட்டு அங்கே ஒரு மேடத்தின் வீட்டில் வேலை செய்கிறாள். காலையில் அவள் செய்யும் முதல் வேலை, ஹாலில் டீவி மாட்டியிருக்கும் சுவரைத் தூசி தட்டுவது. வெள்ளைக் கல் அடுக்கியது போன்ற சுவர், நடுவில் பள்ளிக்கூடக் கரும்பலகை அளவுக்கு டீவி, ஓரங்களில் எங்கிருந்து எரிகிறது என்று தெரியாத விளக்கு. மேடம் குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்து அதைப் படம் பிடித்து அனுப்பினாள்.

“அம்மா, நம்ம வீட்டுலயும் இதே மாதிரி வேணும். பாப்பாவ அதுக்கு முன்னால உக்கார வச்சி எனக்குக் காட்டுங்க.”

நம்ம வீடு என்றது லுணுகலைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் மலையை வெட்டிச் சமப்படுத்திய துண்டுக் காணியில் நிற்கிற வீடு. அவள் முதல் முறை வெளிநாடு போனபோது சம்பாதித்தது முழுவதும் அதில்தான் இருக்கிறது. லயத்தில் பிறந்து லயத்திலேயே விதவையான என் தங்கைக்கு, பக்கத்து வீட்டு இருமல் கேட்காத முதல் வீடு.

சுவர் விவகாரத்தை மேற்பார்வை செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் பதுளை அரசாங்கக் கச்சேரியில், நிவாரணப் பிரிவில், ஓய்வு பெறும்வரை உட்கார்ந்திருந்தவன். அதனால் எனக்குச் சுவர்களைப் பற்றித் தெரியும் என்று குடும்பத்தில் ஒரு நம்பிக்கை. அது முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. சுவர் விழுந்த பிறகு நிரப்ப வேண்டிய படிவங்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம்.

பதுளைக் கடைத்தெருவில் ஒரு முதலாளியின் கடைக்குப் போனோம். செங்கல் வரிசை அச்சிட்ட பஞ்சுத் தாள்களைச் சுருள் சுருளாக நிறுத்தி வைத்திருந்தார். பின்புறத் தாளை உரித்துவிட்டு அப்படியே சுவரில் ஒட்டலாம்.

“எல்லாரும் இப்ப இததாங்க கொண்டுபோறாங்க,” என்றார். “நெசச் செங்கல் கேட்டு யாரும் வாரதில்ல. அது கனம்.”

“மழைக்குத் தாங்குமா?” என்று தங்கை கேட்டாள்.

“தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆவாது. சுவரு விழுந்தாலும் இது விழாது.”

அவர் வியாபாரத்துக்காகச் சொன்னார். நாங்களும் சிரித்தோம்.

ஒட்டுவதற்காகப் பழைய கலண்டர்களைக் கழற்றியபோதுதான் வெடிப்பைப் பார்த்தேன். ஜன்னலின் மூலையில் தொடங்கி, மலைப்பக்கமாகச் சாய்ந்து மேலே ஏறிப் போயிருந்தது. அகலம் ஒன்றும் இல்லை. ஆனால் நேராகப் போகும் வெடிப்புக்கும் சாய்ந்து போகும் வெடிப்புக்கும் வித்தியாசம் உண்டு. சாய்ந்து போவது, வீட்டின் ஒரு பாதி எங்கேயோ புறப்படத் தயாராகிறது என்பதன் அடையாளம். அதற்கு ஒரு நடைமுறையும் உண்டு. வெடிப்புக்குக் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டி வைத்துப் பார்க்க வேண்டும். கண்ணாடி உடைந்தால் சுவர் நகர்கிறது. எங்கள் பிரிவில் கண்ணாடி வாங்குவதென்றால் விலைமனு கோர வேண்டியிருந்ததால் காகிதத்தையே ஒட்டிக்கொண்டிருந்தோம். நானும் ஒரு காகிதக் கீற்றைப் பசை தடவிக் குறுக்கே ஒட்டித் திகதி எழுதினேன்.

“இது பாட்டுக்கு ரெண்டு மூணு மாசம் இருக்கட்டும். அதுக்குப் பெறகு அலங்காரம் பண்ணுவோம்.”

“அண்ணே, இது ஒங்க ஆபீசு இல்ல,” என்றாள் தங்கை. “புள்ள அங்க காத்துக்கிட்டு இருக்கா.”

டீவி மாட்ட வந்திருந்த மேசன் பாஸ் எட்டிப் பார்த்தார். “இது பூச்சு வெடிப்புங்க ஐயா. எங்க வீட்டுலயும் இருக்கு. தொர பங்களாவுலயும் இருக்கு.”

துரை பங்களாவிலேயே இருக்கிறது என்ற பிறகு தோட்டத்தில் மேல்முறையீடு கிடையாது. அடுத்த முறை நான் போனபோது வெடிப்பும் காகிதமும் வெள்ளைச் செங்கல்லுக்கு அடியில் போயிருந்தன. டீவி மாட்டியாகிவிட்டது. அதைச் சுற்றி நீல விளக்குப் பட்டி எரிந்தது. இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் இலைக்கொடி தொங்கியது. குவைத்து மேடம் பார்த்தால் தன் வீட்டை யாரோ மழையில் நனைத்துச் சுருக்கிவிட்டார்கள் என்று நினைப்பாள். ஆனால் குழந்தை அதற்கு முன்னால் உட்கார்ந்து தாயோடு பேசியதைப் பார்த்தபோது நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. அந்தச் சுவரில்தான் முன்பு இயேசுவின் படம் இருந்தது. படம் வாசலைப் பார்த்திருக்க வேண்டும் என்பது எங்கள் வீடுகளில் வழக்கம். வேறு சுவருக்கு மாற்றத் தங்கைக்கு மனம் வரவில்லை. கடைசியில் டீவிக்கு நேர் மேலே ஓர் ஆணி அடித்து, கயிற்றில் தொங்கவிட்டார்கள். சாயந்திரம் செபம் சொல்லும் நேரத்தில் டீவியை அணைத்துவிட்டு அதற்கு முன்னால் முழங்காலில் நிற்பார்கள். கறுப்புக் கண்ணாடியில் அவர்கள் முகங்கள் தெரியும். அருள்நிறை மந்திரத்துக்கு நடுவே குழந்தை அதில் பார்த்துத் தன் தலைமுடியைச் சரி செய்துகொள்வாள்.

ஐப்பசி மழை தொடங்கியது. எங்கள் பக்கத்தில் அது பெய்வதில்லை, வந்து குடியிருக்கிறது. நான் பதுளையில் என் வீட்டில் இருந்தேன். தங்கையோடு போனில் பேசும்போது சில்லறைச் செய்திகள் வந்தன. வாசல் கதவு மூட முடியவில்லை, மழைக்கு மரம் ஊதிவிட்டது, தச்சுப் பாஸை வரவழைத்துச் சீவியாயிற்று. டீவி சாய்ந்து தெரிகிறது என்று அதை மாட்டிய பாஸ் வந்து செங்கல் வரிசையோடு ஒத்துப் பார்த்தார், டீவியில் பிழையில்லை, வரிசைக்குச் சரியாகத்தான் இருக்கிறது. இயேசுவின் படம் மட்டும் கோணலாகிவிடுகிறது. மகள் வீடியோவில் பார்த்துவிட்டு, “அம்மா, படம் சாஞ்சிருக்கு, கொஞ்சம் நேராக்குங்க,” என்கிறாள். நேராக்கி வைத்தால் காலையில் மறுபடியும் பழையபடி. அதனால் கீழ்ப்பக்கம் இரண்டாவது ஆணி ஒன்று அடித்து, செங்கல் வரிசைக்கு ஏற்ற மாதிரி படத்தை நிறுத்தியாயிற்று. இப்போது அழகாக இருக்கிறது.

இவற்றை ஒவ்வொன்றாக, வெவ்வேறு நாட்களில், வேறு பேச்சுகளுக்கு இடையே கேட்டேன். ஒரே தாளில் எழுதி யாராவது என் மேசைக்கு அனுப்பியிருந்தால் அன்றைக்கே விளங்கியிருக்கும்.

கல்லறைத் திருநாளுக்குத் தங்கையின் கணவனுக்கு மெழுகுவர்த்தி ஏற்றப் போனேன். மழையில் மெழுகுவர்த்தி எரியவில்லை. திரும்பி வந்து வீட்டில் தேத்தண்ணியோடு உட்கார்ந்து அந்தச் சுவரைப் பார்த்தேன். டீவி, செங்கல் வரிசை, விளக்குப் பட்டி, படம், எல்லாம் ஒன்றுக்கொன்று ஒழுங்காக இருந்தன. ஆனால் பிளாஸ்டிக் கொடிகள் மட்டும் ஒழுங்குக்கு அடங்காமல் ஒரு பக்கமாகத் தொங்கின. கயிற்றில் தொங்குவது எதுவும் பொய் சொல்லாது. அதற்குச் சுவரோடு உறவில்லை, பூமியோடுதான்.

எழுந்து போய் இரண்டாவது ஆணியைப் பிடுங்கினேன். படம் ஆடி, தன் இடத்துக்குப் போய் நின்றது.

“ஏண்ணே அதக் கழட்டுறீங்க? பாருங்க, கோணலாப் போச்சு.”

“படம் நேராத்தான் இருக்கு. கோணல் சுவரு.”

அவள் படத்தைப் பார்த்தாள், டீவியைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். அவளுக்கு விளங்க அதிக நேரம் எடுக்கவில்லை. கொழுந்து எடுத்தவள். சரிவில் கால் வைத்தே வளர்ந்தவளுக்குச் சாய்வைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜன்னல் பக்கத்துச் செங்கல் தாளின் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். பஞ்சு பூச்சோடு பெயர்ந்து வந்தது. என் காகிதக் கீற்று நடுவே கிழிந்து, இரண்டு பாதிகளும் தனித்தனியாக ஒட்டியிருந்தன. இடையில் என் விரல் போகிற இடம் இருந்தது. உள்ளேயிருந்து ஈரக் காற்று வந்தது.

குழந்தையை வெளியே போய் விளையாடச் சொல்லிவிட்டுத் தங்கை மெதுவாகப் பேசினாள்.

“யாருக்கும் சொல்லாதீங்கண்ணே.”

“என்னா பேசுற? இன்னக்கே பொடவ துணியெல்லாம் எடுத்துக்கிட்டு என்னோட வா.”

“வந்தா? கிராம சேவகர் வருவாரு. பெறகு ஆபீசர்மாரு வருவாங்க. செவப்பு நோட்டீஸ் ஒட்டுவாங்க. அதுக்குப் பெறகு இந்த வீட்டுக்குள்ள வெளக்கு ஏத்த ஏலாது. வேற காணி தருவோம்னு பதிஞ்சிக்கிட்டுப் போவாங்க.” அவள் என்னைப் பார்க்காமல் பேசினாள். “வருசக் கணக்கா நீங்கதானே சொன்னீங்க, ‘காணி வர்றதுக்குள்ள ஆளு போயிரும்’னு. மீரியபெத்தயில மண்ணு சரிஞ்சி வீடு போன சனத்தப் பத்திச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பீங்களே.”

சிரித்தது அவர்களைப் பார்த்தல்ல, கோப்புகளைப் பார்த்து. அந்த வித்தியாசம் என் மேசையிலிருந்து பார்த்தால்தான் தெரியும்.

“புள்ள அந்த வீட்டு ஊத்த பாத்திரத்தக் கழுவிக் கட்டுனது,” என்றாள். “அவ வந்து ஒரு தரம் இதுல படுத்து எந்திரிக்கட்டும். அப்பறம் விழுந்தா விழட்டும்.”

“அவ வர்றதுக்குள்ள விழுந்தா, அவ புள்ள உள்ள இருக்குமே.”

அவள் முந்தானையால் டீவியைத் துடைத்தாள். தூசி ஒன்றும் இருக்கவில்லை.

நான் கிராம சேவகரிடம் போனேன். இதில் யோசிக்க எதுவும் இல்லை. எழுத்தில் கொடுத்து, பிரதியில் கையொப்பம் வாங்கினேன். ஓய்வு பெற்றவன் போனால் இன்னும் எழுந்து நிற்கிறார்கள், அது ஒரு வசதி. தங்கை சொன்ன வரிசையிலேயே எல்லாம் நடந்தது. வந்த அதிகாரி இளைஞர், கண்ணியமானவர். வீட்டுக்குப் பின்னால் மண்மேட்டில் ஏறிப் பார்த்துவிட்டு, மேலே தேயிலைக்குள்ளேயும் தரை பிளந்திருக்கிறது என்றார். டீவிச் சுவரின் முன்னால் கொஞ்ச நேரம் நின்று, “வடிவா செஞ்சிருக்கீங்க,” என்று சொல்லிவிட்டு, கதவில் அறிவித்தலை ஒட்டினார்.

என் வீட்டுக்கு வரச் சொன்னேன். தங்கை வரவில்லை.

“ஒங்க வீட்டுல எந்தச் சுவரு என்னோடது?” என்றாள்.

பாவிக்காமல் கிடந்த பழைய பிள்ளைக்காம்பராவைத் தோட்டத்தில் திறந்து கொடுத்தார்கள். கொழுந்துக்குப் போகிற பெண்கள் ஒரு காலத்தில் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற நீண்ட ஒற்றை அறை. என்னையும் அவளையும் எங்கள் தாய் அங்கேதான் விட்டுப் போயிருப்பாள். உத்திரத்தில் தொட்டில் கட்டுகிற கம்பிகள் இன்னும் இருந்தன. அவற்றில் துணி காயப் போட்டிருந்தாள். நடுவே சீலை கட்டி மறைத்து, அந்தப் பக்கம் வேறொரு குடும்பம். இருமல் மறுபடியும் கேட்டது. வீடு இடியவில்லை. அந்த மழை முழுவதும் அது சாய்ந்தபடியே நின்றது. தோட்டத்தில் சிலர் நின்று அதைப் பார்த்துவிட்டு, பிறகு என்னைப் பார்த்தார்கள். ஒருவர் வாய்விட்டே கேட்டார்: “ஐயா, நல்லா நிக்கிதே?” விழாத சுவருக்கு விளக்கம் கொடுக்கும் படிவம் எங்கள் பிரிவில் இருந்ததில்லை.

தங்கை இதை மகளுக்குச் சொல்லவில்லை என்பது எனக்கு முதலில் தெரியாது. நான் முதல் தடவை பிள்ளைக்காம்பராவுக்குப் போன அன்று, கோடிச் சுவரில் வெள்ளைச் செங்கல் ஒட்டியிருந்ததைப் பார்த்துத் திகைத்து நின்றேன். பழைய வீட்டிலிருந்து உரித்துக்கொண்டு வந்திருக்கிறாள். கிழிந்தவற்றைக் கீழே, கதிரை மறைக்கிற இடத்தில் ஒட்டியிருந்தாள். டீவி, விளக்குப் பட்டி, கொடி, படம், எல்லாம் அதனதன் இடத்தில். போனை எங்கே வைத்தால் சீலையும் தொட்டில் கம்பியும் படாமல் சுவர் மட்டும் தெரியும் என்று தரையில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டிருந்தாள். குழந்தைக்கும் சொல்லிக் கொடுத்திருந்தாள். அம்மா பேசும்போது கோட்டைத் தாண்டக் கூடாது.

“எத்தன நாளைக்கி?” என்று கேட்டேன்.

“அவ அங்க அழுதா யாரு இருக்கா?” என்றாள். “மேடம் போனப் புடுங்கி வச்சிக்குவா.”

அப்போதுதான் போன் அடித்தது. தங்கை முகத்தைத் துடைத்துக்கொண்டு கோட்டுக்குள் உட்கார்ந்தாள். சீலைக்கு அந்தப் பக்கத்துக் குடும்பம் ரேடியோவைக் குறைத்தது. அவர்களுக்கும் இது பழகிப் போயிருக்க வேண்டும்.

“அம்மா, ஒரு சந்தோசமான விசயம்,” என்றாள் மகள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தாள். “நான் இன்னும் ரெண்டு வருசத்துக்குச் சைன் வச்சிட்டேன். மேடம் சம்பளம் கூட்டித் தாறாங்க. வந்த ஒடன வீட்டுக்கு மேல ஒரு மாடி எடுப்போம். பாப்பாவுக்குத் தனி ரூம்.”



“சரிம்மா,” என்றாள் தங்கை. “ஒடம்பப் பாத்துக்க. நேரத்துக்குச் சாப்புடு.”

“மாமா வந்திருக்காரா? குடுங்க.”

போன் என் கைக்கு வந்தது. நானும் கோட்டுக்குள் நகர்ந்து உட்கார வேண்டியதாயிற்று. சொல்லிவிடுவது என்றுதான் வாயைத் திறந்தேன். தங்கை என் முகத்தைப் பார்க்கவில்லை, என் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“மாமா, ஒங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும். மேல மாடி எடுக்கிறதுன்னா பெர்மிசன் எங்க கேக்கணும்?”

“பிரதேச சபையிலதாம்மா,” என்றேன். “மொதல்ல காணிக் கடுதாசி வேணும். தோட்டத்துல ஒரு கடிதம் எடுக்கணும். பெறகு பிளான் வரைஞ்சி மூணு கொப்பி. மலைச்சரிவுன்னபடியா மண்ணு பாத்து ஒரு அறிக்கையும் கேப்பாங்க.”

“கொஞ்சம் மெதுவா சொல்லுங்க மாமா, எழுதிக்கிறேன்.”

மறுபடியும் முதலிலிருந்து, மெதுவாகச் சொன்னேன்.