நீர்பாய்ச்சி சொன்ன பதில்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இதைக் கேட்டு நீங்களும் எழுந்து போகலாம், கோபப்பட மாட்டேன். ஆனால் நடந்தது நடந்ததுதான்.

நானும் என் மனைவி கலாவும் ஒரு கதை விளையாட்டு ஆடுவோம். நான் கதை சொல்லிக்கொண்டே போவேன், அவள் அதற்குள் ஒருத்தியாகி அடுத்து என்ன செய்வதென்று சொல்வாள், இழுபறியான இடத்தில் தாயக்கட்டை உருட்டுவோம். முன்பு ஐந்து பேர் ஆடினோம், மற்றவர்கள் சிங்கப்பூர் போய்விட்டார்கள். ஒரே ஆளை வைத்துக் கதை நடத்துவது லேசு இல்லை, துணைக்கு ஒருவர் வேண்டும். அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை இட்லி சாப்பிட்டுக்கொண்டே ஒரு கிழவரை உண்டாக்கினேன். வயலுக்கு வயல் தண்ணீர் திருப்பிவிடுகிற நீர்பாய்ச்சி. எங்கள் ஊரில் இப்போது அப்படி யாரும் கிடையாது.

கதை என்னவென்றால், ஒரு கிராமத்தில் பயிர் வெளுத்துச் சாகிறது, காரணத்தைக் கலா கண்டுபிடிக்க வேண்டும். வரைபடம் போடச் சோம்பல்பட்டு, சீர்காழிக்குக் கிழக்கே இருக்கிற எங்கள் நிலத்தின் புலப்படத்தையே பார்த்து வரைந்து தொலைத்தேன். புத்தி கெட்ட வேலை. அந்த நிலத்தைத்தான் போன வாரம் அவளுக்குத் தெரியாமல் இறால் பண்ணைக்குக் குத்தகை எழுதிக் கொடுத்திருந்தேன். பக்கத்து வயல் அவள் அண்ணனுடையது. இறால் குட்டை வந்தால் உப்பேறி அதில் ஒரு மணி நெல் விளையாது. தெரிந்தால் என்னோடு வாழமாட்டாள். பத்திரமோ பண்ணை ஆபீசில் இருக்கிறது, என்னிடம் நகல்கூட இல்லை.

கலா நீர்பாய்ச்சியைக் கேட்க ஆரம்பித்தாள். தாயக்கட்டையில் ஒற்றை விழுந்தால் ஆமாம், இரட்டை விழுந்தால் இல்லை. பயிர் சாவது உப்பாலா? ஆமாம். உப்பு தானாக வந்ததா? இல்லை. ஆள் கொண்டுவந்ததா? ஆமாம். உள்ளூர் ஆளா? ஆமாம். கையெழுத்துப் போட்டானா என்றாள். எனக்குச் சுருக்கென்றது. இவளுக்கு எவன் சொன்னான்? உருட்டினேன், ஆமாம்.

"பத்திரம் எங்க இருக்கு?"

கதைக்கு ஏற்ற மாதிரி அரண்மனையில் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நம்பினால் நம்புங்கள், "விதைநெல் மூட்டைல" என்று வந்தது.

அவள் எழுந்துபோய், தை மாதம் தைத்து வைத்த மூட்டையைப் பிரித்தாள். முழங்கை வரை கையை விட்டாள். என் கையெழுத்தோடு பத்திரம் வந்தது.

மறுநாள், குத்தகை வேண்டாம் என்று சொல்ல நான் கிளம்பினால், உங்களை நம்பி அனுப்ப முடியாது என்று வண்டியில் ஏறிக்கொண்டாள். பண்ணை ஆபீஸ்காரர் எங்களைப் பார்த்து விழித்தார்.

"சனிக்கிழமையே உங்க நீர்பாய்ச்சி வந்து வேணாம்னு சொல்லி பத்திரத்த வாங்கிட்டுப் போயிட்டாருங்களே. ஒக்காருங்கன்னேன். நாளைக்கு உங்க வீட்ல வேலை இருக்குன்னு கெளம்பிட்டாரு."

சனிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை இட்லி சாப்பிடும்போதுதானே ஐயா அவரை உண்டாக்கினேன்? கலாவே யாரையோ அனுப்பிவிட்டு மூட்டையையும் பிரித்து மறுபடி தைத்து வைத்திருப்பாள் என்று அவளையே சந்தேகப்பட்டேன். ஆனால் திரும்பி வரும் வழியில் அவள் என் தோளில் கை வைத்தாள். அழுதுகொண்டிருந்தாள்.

"சனிக்கிழமையே மனசு மாறி ஆள அனுப்பிட்டீங்க. அத மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?"

உம் என்றேன். என்னை அவள் மன்னித்தது அந்த ஒரு காரியத்துக்காகத்தான், அதை நான் செய்யவே இல்லை. அந்தப் பெரியவருக்கு ஒரு வேட்டியாவது எடுத்துக் கொடுக்க வேண்டும், எங்கே இருக்கிறார் என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் கேட்கிறாள்.