கிராபிக்ஸ் கார்டுக்குத் தேங்காயெண்ணெய்

என் வீட்டுக்காரி அரசுப் பள்ளி ஆசிரியர் தேர்வுக்குப் படித்த வருஷம், வீட்டில் ஒரு சத்தம் வராமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் எடுத்துக்கொண்டேன். நான் செய்த கோளாறுகளில் முக்கால்வாசி இப்படி யாரும் கேட்காமல் செய்தவை.

அந்தச் சத்தமும் வேறு எங்கிருந்தோ வரவில்லை. என் கம்ப்யூட்டரிலிருந்துதான் வந்தது.

அப்போது மதுரை கே.கே. நகரில் ஒரு மாடி போர்ஷனில் குடியிருந்தோம். நான் ஒரு கட்டட இன்ஜினியரிடம் படம் போடுகிறவன். கட்டப்போகிற வீடு முன்பக்கம் எப்படி இருக்கும் என்று கலரில் வரைந்து காட்ட வேண்டும். வரப்போகிற வீட்டைப் படத்தில் பார்த்தால்தான் வீட்டுக்காரர் அடுத்த பேச்சுக்கே வருவார். இந்த வேலைக்கு உசந்த ரக கிராபிக்ஸ் கார்டு ஒன்று இருந்தால் பின்னிவிடுவேன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். திரையில் படத்தைக் காட்டுவதற்கென்றே கம்ப்யூட்டருக்குள் செருகுகிற அட்டை அது. என் வேலைக்குச் சாதாரண அட்டையே போதும். எனக்கு வேண்டியிருந்தது கார் ரேஸ். மழை பெய்த ரோட்டில் என் கார் போகும்போது தண்ணீரில் விளக்கு வெளிச்சம் மின்ன வேண்டும். அம்புட்டுதான் லட்சியம்.

மதுரையில் அந்த ரகம் கிடைக்கவில்லை. சிங்கப்பூரில் வேலையில் இருந்த மச்சினன் லீவுக்கு வரும்போது, துணிகளுக்கு நடுவில் சுற்றி எடுத்து வந்தான். செங்கல் நீளம் இருந்தது. அதன் வயிற்றில் ஒரு சின்ன விசிறி.

"மாமா, இது கொஞ்சம் சூடாகும்னு கடைக்காரன் சொன்னான்" என்றான்.

"மதுரைக்காரனுக்கே சூட்டப் பத்திச் சொல்றானா?" என்று சிரித்தேன். சித்திரை வரைக்கும்தான் அந்தச் சிரிப்பு நிலைத்தது.

கத்திரி வெயிலில் மாடி வீடு எப்படி இருக்கும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மத்தியானம் ரேஸை ஆரம்பித்தால் மூன்றாவது வளைவில் கார் அப்படியே நின்றுவிடும். கம்ப்யூட்டர் கேபினட்டின் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு, பழைய டேபிள் பேன் ஒன்றை அதற்கு நேராக வைத்தேன். கார் ஓடியது. ஆனால் அந்த டேபிள் பேனின் றெக்கை ஒன்று வளைந்திருந்தது, தடதடவென்று அடித்துக்கொள்ளும். கார்டின் விசிறியோ மிக்ஸியில் பொட்டுக்கடலை அரைப்பதுபோல இரைந்தது. பக்கத்து போர்ஷனில் காது மந்தமான ஒரு பெரியவரும் அவர் வீட்டம்மாவும் காலையிலிருந்து டிவி சீரியலை ஊருக்கே கேட்கிற மாதிரி வைத்திருப்பார்கள். கார்டு வருவதற்கு முன் எந்த மருமகள் எதற்கு அழுகிறாள் என்பது வரை எங்களுக்கு அத்துபடி. என் கார்டு அந்த அழுகையையும் அமுக்கிவிட்டது.

வீட்டுக்காரி ஒரு தனியார் பள்ளியில் இயற்பியல் எடுத்துக்கொண்டிருந்தாள். எப்போது வேண்டுமானாலும் 'நாளையிலிருந்து வர வேண்டாம்' என்று சொல்லிவிடக்கூடிய வேலை. அரசுத் தேர்வை இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் மயிரிழையில் விட்டிருந்தாள். ஆடி மாசம் அறிவிப்பு வந்தது, பொங்கல் கழித்துத் தேர்வு.

"இந்தத் தடவையும் இல்லேன்னா விட்டுருவேன். இனிமே எழுத மாட்டேன்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. காய்கறி நறுக்கிக்கொண்டே சொன்னாள்.

நல்ல புருஷனாக இருந்தால் என்ன செய்திருப்பான்? தேர்வு முடியும்வரை ரேஸை நிறுத்தியிருப்பான். சுவிட்சை அமுக்கினால் முடிந்தது. அந்த யோசனை எனக்கு வரவேயில்லை, சத்தியமாக. கார்டு ஓட வேண்டும், ஆனால் சத்தம் இருக்கக் கூடாது, அதுதான் நான் அவளுக்குச் செய்யப்போகிற தியாகம் என்று முடிவு செய்தேன்.

முதல் வேலையாகத் தடதடக்கிற டேபிள் பேனைப் பரணில் ஏற்றினேன். அப்புறம் பழைய ஹவாய் செருப்பை நாலு துண்டாக நறுக்கி, கேபினட்டுக்கு அடியில் நாலு மூலையிலும் கொடுத்தேன். கூடத்தில் எங்களுக்கு இருந்தது ஒரே மேஜை. ஒரு பக்கம் அவள் புத்தகம், மறுபக்கம் என் கம்ப்யூட்டர். மேஜைக்கு அடியிலிருந்து தலையை நீட்டி, "இப்ப எப்படி இருக்கு? கொறைஞ்சிருக்கா?" என்று கேட்டேன்.

"கொறைஞ்சிருக்குங்க" என்றாள்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு ஆளைக் கையில் பிடிக்க முடியவில்லை. டிவி வாங்கியபோது வந்த தெர்மாகோலை அளந்து வெட்டிக் கேபினட்டின் உள்பக்கம் ஒட்டினேன். கொறைஞ்சிருக்கா? கொறைஞ்சிருக்குங்க. ஸ்க்ரூவுக்கு ஸ்க்ரூ சைக்கிள் டியூபை வளையம் வளையமாக வெட்டி மாட்டினேன். கொறைஞ்சிருக்கா? கொறைஞ்சிருக்குங்க. அவள் ஒரு பாராவை முடிப்பதற்குள் நான் ஒரு தடவை கேட்டுவிடுவேன். அவளும் தலையைத் தூக்காமல் பதில் சொல்லிவிடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மேஜைக்கடியில் மல்லாந்து படுத்து டியூபை மாட்டிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. கம்ப்யூட்டர், சீலிங் பேன், பக்கத்து வீட்டுச் சீரியல் எல்லாம் ஒரே நேரத்தில் அடங்கின. எனக்கு ஒரு சின்னச் சந்தேகம் வந்தது.

"இப்ப எப்படி இருக்கு?" என்றேன்.

"கொஞ்சம் கொறைஞ்சிருக்குங்க" என்றாள்.

அந்த இடத்தில் எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை, கோபம்தான் வந்தது. நான் செருப்பை அறுத்து, டியூபை அறுத்து, முதுகு ஒடிய உழைக்கிறேன், இவள் காது கொடுத்துக்கூடக் கேட்கவில்லையே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை பேசாமல் இருந்தேன். அன்றைக்கு அவள் இரண்டு பாடம் முடித்ததாகப் பிறகு சொன்னாள்.

ஐப்பசியில் கார்டின் விசிறி புதிதாக ஒரு கீச்சுச் சத்தம் போட ஆரம்பித்தது. டவுனில் எனக்குத் தெரிந்த ஒருவர் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தார். சௌராஷ்டிரக்காரர், என் வயசுதான். போன் போட்டுக் கேட்டேன். "விசிறிக்கு நடுவுல ஒரு ஸ்டிக்கர் இருக்கும்ணே. அத உரிச்சுட்டு மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்க. ஒரு சொட்டுதான்" என்றார்.

வீட்டில் தையல் மிஷின் கிடையாது, அதனால் மிஷின் எண்ணெயும் கிடையாது. கடைக்குப் போக சோம்பேறித்தனம். கண்ணாடிக்குப் பக்கத்தில் அவள் தலைக்குத் தேய்க்கிற தேங்காயெண்ணெய் இருந்தது. எண்ணெய் என்றால் எண்ணெய்தானே? ஒரு சொட்டுக்கு ஆறு சொட்டாக விட்டேன். கீச்சு போயே போய்விட்டது. நான் ஒரு பெரிய விஞ்ஞானி என்பதில் எனக்கிருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் அதோடு போய்விட்டது.

மார்கழி பிறந்தது. தேர்வுக்கு ஒரு மாசம்தான். அவள் விடியற்காலையில் எழுந்து படிக்க ஆரம்பித்தாள். என் தியாகமும் உச்சத்துக்குப் போனது. பழைய தலையணை ஒன்றைப் பிரித்து, அதிலிருந்த இலவம்பஞ்சை எடுத்துக் கார்டைச் சுற்றிலும், கைக்குழந்தைக்கு அணை கொடுப்பதுபோலப் பக்குவமாக அடைத்தேன். மூக்கெல்லாம் பஞ்சு. தும்மிக்கொண்டே அடைத்தேன்.

மறுநாள் காலை கம்ப்யூட்டரைப் போட்டேன். கார்டிலிருந்து சத்தமே இல்லை. மூச்சுகூட இல்லை. திரையில் படம் வருகிறது, ஆனால் சத்தம் சுத்தமாக இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"இங்க வா, இங்க வா. கேட்டுப் பாரு" என்று கூப்பிட்டேன்.

அவள் தலைவாரிக்கொண்டிருந்தவள், அப்படியே வந்தாள். கையில் தேங்காயெண்ணெய்ப் பாட்டில். மார்கழிக் குளிரில் எண்ணெய் உறைந்து வெள்ளைவெளேர் என்றிருந்தது. வராத எண்ணெயை ஒரு ஊக்கை விட்டு நோண்டிக்கொண்டே வந்தாள். முதல் தடவையாகக் குனிந்து, கேபினட்டுக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டாள்.

"ஆமாங்க. சத்தமே இல்ல" என்றாள்.

உறைந்த பாட்டில் என் மூக்குக்கு நேராக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் நான் சிரித்தேன். வெற்றியைக் கொண்டாட ஒரு ரேஸ் போகலாம் என்று உட்கார்ந்தேன். இரண்டு சுற்று அருமையாகப் போனது. அப்புறம் ரோடு பச்சையானது. வானத்தில் கட்டம் கட்டமாக ஏதோ வந்தது. கூடவே ஒரு வாசனை, நேந்திரங்காய் சிப்ஸ் வறுக்கிற கடை வாசலில் நிற்பதுபோல.

"அடுப்புல என்ன வச்சிருக்க?" என்று கேட்டேன்.

"இன்னும் பால்கூட வைக்கல" என்றாள் உள்ளேயிருந்து. திரை கறுத்துப்போனது.

கம்ப்யூட்டரை டிவிஎஸ் வண்டியில் வைத்துக் கட்டிக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் கார்டைக் கழற்றி, விசிறியை விரலால் சுற்றிப் பார்த்தார். அசையவில்லை. ஊசியால் நோண்டி எடுத்தார். தேங்காயெண்ணெயில் பஞ்சு தோய்ந்து, முறுக்கிக்கொண்டு, உறைந்துபோய் வெளியே வந்தது.

"அண்ணே, இது திரி" என்றார். "நல்லாத் திரிச்சு எண்ணெயும் ஊத்தியிருக்கீங்க. பத்த வைக்கிறதுதான் பாக்கி, அதையும் கார்டே செஞ்சிருச்சு."

பிறகு பின்னால் உட்கார்ந்திருந்த தன் தம்பியிடம் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். எனக்கு அந்தப் பாஷை தெரியாது. நடுவில் தேங்காயெண்ணெய் என்ற சொல் மட்டும் தமிழில் வந்தது. இரண்டு பேரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். பொங்கல் கழித்து வாருங்கள், பார்க்கலாம் என்றார். பார்க்க ஒன்றுமில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அவள் தன் புத்தகத்தில் வெப்பம் என்ற பாடத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினாள். வெப்பத்தை எளிதில் கடத்தாத பொருள்கள் என்று ஒரு பட்டியல். அதில் பஞ்சும் இருந்தது, தெர்மாகோலும் இருந்தது. இரண்டுக்கும் அவள் பென்சிலால் அடிக்கோடு வேறு போட்டிருந்தாள்.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"நீங்க சத்தத்தப் பத்தி மட்டும்தான கேட்டீங்க."

வீடு அமைதியானது. கார்டு இல்லை, இரைச்சல் இல்லை. கஷ்டப்பட்டு அழித்த கார்டு இவள் படிப்புக்காவது ஆகட்டும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் அவள் முகம் நாளுக்கு நாள் கூம்பிப்போனது. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள், மொட்டைமாடிக்குப் போனாள், திரும்பி வந்தாள். ஒரே பக்கத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாள். என் கார்டு போன துக்கத்தைத்தான் அவளும் பட்டுக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்து, "விடு, கார்டு போனாப் போகுது" என்று ஆறுதல் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

நாலாம் நாள் சாயங்காலம் நான் வேலையிலிருந்து வரும்போது ஸ்டூல் போட்டுப் பரணில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. றெக்கை வளைந்த டேபிள் பேனை இறக்கினாள். மேஜையில் வைத்து, சுவரைப் பார்த்துத் திருப்பி, சுவிட்சைப் போட்டாள். தடதடவென்று கிளம்பியது. அவள் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தாள்.

"ஏன் செவத்தப் பாத்து வச்சிருக்க? ஒனக்குக் காத்து வராதே."

"மார்கழியில யாருக்குங்க காத்து வேணும்? எனக்குச் சத்தம்தான் வேணும்."

எனக்கு விளங்கவில்லை. அவள் விரலை உயர்த்திப் பக்கத்துச் சுவரைக் காட்டினாள். பேனை ஒரு நிமிஷம் நிறுத்தினாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மாமியார் ஒரு மருமகளை வீட்டைவிட்டுத் துரத்திக்கொண்டிருந்தாள், ஒரு சொல் விடாமல் எங்களுக்குக் கேட்டது. பேனை மறுபடி போட்டாள். மாமியார் அடங்கிவிட்டாள்.

"ஒங்க கார்டு ஓடுனப்ப எனக்கு அது கேக்கவே கேக்காது. அது பாட்டுக்கு ஒரே சீரா இரைஞ்சுக்கிட்டு இருக்கும், நான் பாட்டுக்குப் படிப்பேன்."

"அப்பறம் ஏன் ஒவ்வொரு தடவையும் கொறைஞ்சிருக்கு, கொறைஞ்சிருக்குன்ன?"

அவள் பென்சிலைச் சீவிக்கொண்டே, "நீங்க எனக்காகக் கெடந்து அம்புட்டுப் பாடுபட்டீங்க. வேண்டாம்னு சொல்ல மனசு வரல. ஆமான்னு சொன்னா அடுத்த கேள்வி வரைக்குமாவது படிக்கலாம்" என்றாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது, அதை மறைக்கப் பஞ்சு அலர்ஜி என்று மூக்கைச் சிந்தினேன். தேர்வு வரைக்கும் நான் செய்த உதவி இரண்டு. டேபிள் பேனுக்கு எண்ணெய் விடவில்லை. வாயைத் திறக்கவில்லை. இரண்டாவதுதான் ரொம்பச் சிரமமாக இருந்தது.

முடிவு வந்த அன்றைக்கு அவள் நம்பரை நாலு தடவை சரிபார்த்தோம். தேறிவிட்டாள். திருவாதவூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைக்கும் என்று பிறகு தெரிந்தது. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் சிங்கப்பூரிலிருந்து மச்சினன் போன் பண்ணினான். ஸ்பீக்கரில் போட்டாள். சத்தத்தைக் குறைக்க நான் பட்ட பாட்டையெல்லாம் முன்பே போனில் அவனிடம் அளந்திருந்தேன், கார்டு போன கதையை மட்டும் நாங்கள் இன்னும் சொல்லவில்லை. அம்புட்டுத் தூரத்திலிருந்து துணிக்குள் பொதிந்து சுமந்து வந்தவனிடம் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வது?

"எப்படிக்கா படிச்ச இந்தத் தடவ?" என்றான்.

"எல்லாம் ஒங்க மாமாதான். வீட்டுல நல்லாப் பாத்துக்கிட்டாரு" என்றாள்.

நான் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

"கார்டு எப்படி ஓடுது மாமா? இரைச்சல் கொறைஞ்சிருக்கா?" என்று கேட்டான். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை.

அவள் என்னைப் பார்த்தாள். தலையைத் திருப்பிப் போனில் சொன்னாள், "கொறைஞ்சிருக்குடா. இப்பச் சத்தமே இல்ல."