ஒன்றரைச் சுற்று

என் உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். சப்பாத்து போட்டால் மூன்றே முக்கால். அந்த முக்கால் அங்குலத்தை நான் எவரிடமும் விட்டுக்கொடுத்ததில்லை.

எழுபதுகளின் கடைசியில் ஈப்போவில் ஓர் அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். மூன்று இடங்களில் பெண் பார்த்தாயிற்று. மூன்று வீட்டிலும் தேநீர் தந்தார்கள், பலகாரம் தந்தார்கள், “கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்புறோம்” என்றார்கள். மொத்தம் பதினொரு பலகாரம் தின்றேன். ஒரு பதிலும் வரவில்லை.

நான்காவது இடம் பாரிட் புந்தார் பக்கம் ஒரு தோட்டம். ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை போட்டிருந்தார்கள். பெண் அங்கே தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியை. தரகர் எல்லாவற்றையும் சொல்லி முடித்து, செருப்பை மாட்டிக்கொண்டே, “பொண்ணு கொஞ்சம் ஒசரம். அஞ்சடி நாலு இருக்கும்” என்றார். அன்று இரண்டு வேளை எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அவர்களுக்கு அனுப்ப, புதிதாக வாங்கியிருந்த பழைய ஜப்பான் கார் பக்கத்தில் நின்று படம் எடுத்தேன். கூரை என் தோளைத் தாண்டிக் கழுத்தைத் தொட்டது. அலுவலக நண்பன் படத்தைப் பார்த்துவிட்டு, “என்ன மச்சான், காரு ஒன்ன வாங்கிட்டு வந்த மாதிரி இருக்கு?” என்றான். பிறகு மனமிரங்கி வழியும் சொன்னான். “ஸ்பிரிங்க வெட்டி கார எறக்கு லா. அது எறங்குனா நீ ஏறுவ.”

சொன்னவன் விளையாட்டாகத்தான் சொன்னான். நான் ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டேன். நான்கு சக்கரத்துக்கும் மேலே தகட்டின் விளிம்பிலிருந்து தரை வரைக்கும் அளந்தேன், ஒவ்வொன்றையும் மூன்று முறை. சுருள் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டினால் கார் எவ்வளவு இறங்கும் என்று கணக்குப் போட்டேன். ஒன்றரைச் சுற்று வெட்டினால் இரண்டு அங்குலம் இறங்கும் என்று வந்தது. படத்தை அனுப்பவில்லை. இனி நேரில்தான் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

குனோங் ராபாட்டில் சுண்ணாம்புக் குன்றின் அடியில் ஒரு பட்டறை இருந்தது. அதன் சீன முதலாளியான தவுக்கே என் குறிப்பேட்டைக் கையில்கூட வாங்கவில்லை. அரைச் சுற்றுப் போதும் என்று மலாயில் சொன்னார். ஒன்றரை என்றேன். வெட்டினதை ஒட்ட முடியாது என்றார். தெரியும் என்றேன். “வண்டியில் எத்தனை பேர் ஏறுவார்கள்?” என்று கேட்டார். “நான் ஒருவன்தான்” என்று சொன்னேன். அன்றைக்கு அது உண்மை. நெருப்பு வைத்தால் ஸ்பிரிங்கின் முறுக்குப் போய்விடும் என்று இரும்பறுக்கும் வாளால் நிதானமாக அறுத்தார். நான்கு துண்டுகளையும் தாளில் சுற்றிக் கையில் கொடுத்தார். கார் சரியாக இரண்டு அங்குலம் இறங்கியிருந்தது. பக்கத்தில் நின்று பார்த்தேன். கூரை தோளோடு நின்றது. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

பெண் பார்க்கப் போகும் ஞாயிற்றுக்கிழமை, மூன்று பேராகப் போகக்கூடாது என்று அம்மா சொன்னார். நானும் அப்பாவும் அம்மாவும் மூன்று பேர். அதனால் அத்தையும் அவர் கணவரான மாமாவும் சேர்ந்துகொள்ள, ஐந்து பேரானோம். மாமா ஒருவரையே இருவராக எண்ணலாம், அவ்வளவு உடம்பு. சும்மா பார்க்கப் போவதற்குப் பூவும் பழமும் போதும், ஆனால் மூன்று முறை தவறிப்போனதில் அம்மா துணிந்து ஐந்து தட்டு கட்டினார். ஆட்களும் ஐந்து, தட்டுகளும் ஐந்து, ஒற்றைப்படை என்று நானும் எண்ணிப் பார்த்துத் திருப்தியடைந்தேன். சகுனத்துக்காக எண்ணினேனே தவிர எடைக்காக எண்ணவில்லை.

மாமா ஏறியதும் காரின் பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது. சாலையில் சின்னச் சின்னப் பள்ளத்திலெல்லாம் அடியில் ‘டொக்’ என்றது. கோலகங்சார் வருவதற்குள் நாற்பத்தொரு டொக்.

“என்னய்யா, காருக்கு முட்டி வலியா?” என்றார் அம்மா.

“எனக்குத்தான் அண்ணி இடுப்பு வலி” என்றார் அத்தை.

“புது ஸ்டைல் அத்தை” என்றேன்.

“ஸ்டைல்லா! தைப்பிங் போய்ச் சேரட்டும் மொதல்ல” என்றார் அத்தை.

தைப்பிங்கையும் தாண்டினோம். தோட்டத்துச் செம்மண் சாலைக்குள் திரும்பியதும் என் கணக்கு முடிந்தது. செம்பனைக் குலை ஏற்றும் லாரிகள் ஓடி ஓடி இருபுறமும் பள்ளமாகி, நடுவில் மண் திட்டாக எழும்பியிருந்தது. காரின் வயிறு அந்தத் திட்டின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. மாமா இறங்கினார். கார் பத்தடி போனது. அப்பா இறங்கினார். இன்னும் இருபதடி. பிறகு அம்மாவும் அத்தையும். அப்புறமும் பின்பக்கம் உரசவே, தட்டுகளையும் எடுக்கச் சொன்னேன். தட்டைத் தரையில் வைக்கக்கூடாது. நான்கு பேர் கையில் நான்கு தட்டு, ஐந்தாவது மிஞ்சியது. எதிரே வந்த ஓர் அக்கா தானாகவே கை நீட்டினார்.

“குடுங்கக்கா, நான் தூக்கிட்டு வாரேன். யாரு வீட்டுக்கு?”

அம்மா மூச்சிரைத்துக்கொண்டே, “டீச்சரம்மா வீட்டுக்கு” என்றார்.

அதுதான் தவறு. பெண் பார்ப்பது என்பது ஓசையில்லாமல் நடக்க வேண்டிய காரியம். கார் வாசலில் நிற்கும், ஆட்கள் உள்ளே போய் வருவார்கள். ஒத்துவராவிட்டால் அடுத்த வீட்டுக்குக்கூடத் தெரியாது. தட்டேந்தி வரிசையாக நடந்து வந்தால் அந்தத் தோட்டத்தில் அதற்குப் பெயர் பரிசம், எல்லாம் முடிவான பிறகு செய்வது. ஒரு பக்கச் சக்கரங்களைத் திட்டின்மேல் ஏற்றி நான் நடை வேகத்தில் ஊர்ந்தேன். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ஏழு பேர். மாரியம்மன் கோயிலைத் தாண்டும்போது இருபத்து மூன்று. “டீச்சருக்குப் பரிசமாம் லா!” என்ற சத்தம் எனக்கு முன்னால் வரிசை வீடுகளான லயத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

அதுவரை என் கவலை அவள் என்னை வேண்டாம் என்றுவிடுவாளோ என்பதுதான். இனி அவள் வேண்டாம் என்றால், பரிசம் போட்டு நின்றுபோன பெண் என்று தோட்டமே பேசும். என் இரண்டு அங்குலத்துக்காக அவளுடைய வாயைக் கட்டிவிட்டேன்.

வாசலில் அவளுடைய அப்பா வெளிறிப்போய் நின்றார். “பாக்கத்தானேண்ணே வாரதா சொன்னீங்க?” என்று என் அப்பாவைக் கேட்டார். அப்பா கையிலிருந்த வாழைப்பழத் தட்டைப் பார்த்தபடி நின்றார்.

அவள் உள்ளேயிருந்து வந்தாள். அழைக்கும் வரைக்கும் காத்திருக்கவில்லை. தரகர் சொன்னது பொய். ஐந்தடி ஐந்து இருப்பாள். கூட்டத்தைப் பார்த்தாள், செம்மண் அப்பிய காரைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள்.

“நீங்க கார்ல வந்தீங்களா, கார நடத்திக் கூட்டிட்டு வந்தீங்களா?”

இருபத்து மூன்று பேரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார்.

“எதுக்கு அத இவ்வளோ எறக்கி வெச்சிருக்கீங்க?”

சம்பளம், வீடு, பழக்கவழக்கம் என்று பதினான்கு கேள்விகளுக்குப் பதில் தயார் செய்திருந்தேன். இது அதில் இல்லை. உண்மையே வெளியே வந்துவிட்டது.

“பக்கத்துல நின்னா ஒசரமா தெரிவேன்னுதான்.”

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

“இவங்க யாரும் பரிசத்துக்கு வரல” என்று சத்தமாகச் சொன்னேன். “காரு தட்டுது, அதான் எறங்கி நடந்தாங்க. தப்பு என்னுது. டீச்சர் எதுக்கும் கட்டுப்பட வேணாம்.”

அவள் காரின் கூரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். எனக்கு வழக்கம்போல் எண்ணத் தோன்றியது. ஒன்பது வரை எண்ணினேன்.

“ஒங்க பக்கத்துல நிக்கப் போறது காரு இல்லியே, நாந்தானே” என்றாள். தட்டு தூக்கி வந்த அக்காவைப் பார்த்து, “கனக்குதுல்ல? உள்ள கொண்டு வாங்கக்கா” என்றாள். படியேறும்போது திரும்பி, “ஸ்பிரிங்க மாத்திட்டுத்தான் கல்யாணம். நான் கார் பின்னாடி நடந்து வர மாட்டேன்” என்றாள்.

சிம்பாங் பூலாய் பக்கம் பழைய இரும்புக் கடையில் ஸ்பிரிங் தேடினேன். முன்பக்கத்துக்குச் சரியாகக் கிடைத்தது. பின்பக்கத்துக்கு வேறொரு பெரிய காரினுடையதுதான் அகப்பட்டது. காரின் பின்பக்கம் பழைய உயரத்தைவிட ஒன்றரை அங்குலம் கூடுதலாக நின்றது. கல்யாணப் படத்தில் எங்கள் பின்னால் அது நிற்கிறது. அவளுடைய தோளுக்கும் என்னுடைய தாடைக்கும் ஒரே மட்டத்தில் கூரை.

வெட்டிய நான்கு துண்டுகளில் ஒன்றை அவள் சமையற்கட்டில் குழம்புச் சட்டிக்குப் பிரிமணையாக வைத்திருக்கிறாள். வருகிறவர்கள் அது என்னவென்று கேட்கிறார்கள். “இவரு ஒசரத்துக்காக ஒரு சுத்து வெட்டுனாரு” என்று ஆரம்பிக்கிறாள். ஒவ்வொரு முறையும் நான் கூடத்திலிருந்தே குரல் கொடுத்துத் திருத்துகிறேன். ஒன்று இல்லை, ஒன்றரை.