அப்பா தைத்த தலகாணி

சூடேறிய தேயிலையின் வாசம் முதலில் வரும், அதன் பின்னால் என் தும்மல் வரும், அப்புறம்தான் அப்பா வருவார். மடுல்சீமைப் பக்கத் தோட்டமொன்றில், நாங்கள் ‘ஸ்டோர்’ என்று சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில், தூள் சலிக்கும் அறையில் அவருக்கு வேலை. புருவத்திலும் காதுமடலிலும் பழுப்புப் பஞ்சுபோல ஒட்டிக்கொண்டு வரும் அந்தத் தூசு பட்டால் போதும், எனக்கு அடுக்கடுக்காகத் தும்மல் கிளம்பி, மூக்கடைத்து, நெற்றிக்குள் கல்லை வைத்ததுபோல வலிக்கும். வரிசை வீடுகளான எங்கள் லயத்துப் பிள்ளைகள் எனக்கு வைத்த பேர் ‘தும்மல் மெஷின்’.

எனக்கு ஒன்பது வயதாகும்போது, தோட்டத்து மருந்துக்கார ஐயா என் மூக்குக்குள் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “தூசி ஒத்துக்காத உடம்பு. ஒண்ணு, நீங்க ஸ்டோர் வேலைய விடணும். இல்லாட்டி புள்ளைய வேற எங்கயாச்சும் வைக்கணும்” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார். ஸ்டோர் வேலை லேசில் கிடைக்கிற வேலையா? மொனராகலையில் இருந்த அத்தை, அப்பாவின் தங்கை, “புள்ளைய எங்கிட்ட விடுங்கண்ணே” என்று சொல்லியனுப்பினார். அம்மா அழுதார். அப்பா, “ஒரு மாசம் பாப்போம். தூசிய நான் வாசலோட நிறுத்துறேன்” என்றார்.

நிறுத்தத்தான் செய்தார். தினமும் வேலை முடிந்ததும் நேரே மலைத்தண்ணீர் விழும் ‘பீலி’க்குப் போய், பல் கிட்டிக்கும் குளிரில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஸ்டோர் உடுப்பை வெளிக்கொடியில் போட்டுவிட்டு, மாற்றுச் சாரம் கட்டிக்கொண்டுதான் உள்ளே வருவார். பீலியில் துணி அலசுகிற பெண்கள் சும்மா விடுவார்களா?

“என்னாண்ணே, தெனமும் பொண்ணு பாக்கப் போறீங்களா?”

“வீட்ல ஒரு மகாராணி இருக்கா. குளிக்காட்டி உள்ள விடமாட்டா!”

அம்மா தன் பங்குக்கு ஈரத்துணியால் தரை துடைத்து, கம்பளியைக் கொதிநீரில் அவித்து வெயிலில் போட்டார். அப்படியும் விடிகாலைத் தும்மல் நிற்கவில்லை. மாசம் முடிந்தது, அத்தை பஸ் ஏறி வந்தார், என் உடுப்பெல்லாம் பைக்குள் போனது.

அன்றைக்கு மரியாதைக்கு என் தலகாணியை அத்தைக்குக் கொடுத்தோம். ஸ்டோரில் தூள் சலிக்கையில் பறந்து குவிந்து குப்பைக்குப் போகிற தேயிலைப் பஞ்சை வாரிவந்து அப்பா தன் கையால் தைத்த தலகாணி அது. “தொரை வீட்லகூட இப்பிடி மெத்துன்னு இருக்காது” என்று அவர் பெருமையடித்ததில், லயத்தில் இன்னும் சில வீடுகளிலும் அதேபோலத் தைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் லயமே கண் விழித்தது அத்தையின் தும்மலில்தான். கண் சிவந்து, மூக்கொழுக எழுந்தவர், தலகாணியைத் தூக்கி முகர்ந்து பார்த்தார்.

“அண்ணே! இது தலகாணியா, ஸ்டோரா? தூசிய வாசல்ல நிறுத்துனேன்னு சொல்லிட்டு, புள்ள தலைக்குக் கீழயே வச்சிருக்கீங்களே!”

அப்பா தலகாணியைக் கையில் வாங்கினார். தான் போட்ட தையலைத் தானே பிளேடால் பிரித்து, பஞ்சையெல்லாம் பின்னாலிருந்த கொய்யா மரத்தடியில் கொட்டினார். அதோடு மூடி மறைத்திருக்கலாம், யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் ‘பெரட்டு’க் களத்தில், அத்தனை பேர் முன்னால் நின்று, “எம் மகளுக்குச் சீக்கு குடுத்தது நாந்தான். அந்தத் தலகாணி உங்க வீட்ல இருந்தா இன்னைக்கே பிரிச்சுக் கொட்டுங்க” என்று சொன்னாரே, அந்த மனுஷனின் மகள் நான் என்பதில் எனக்கு இன்றைக்கும் தலை நிமிர்ந்துதான் இருக்கிறது.

அத்தை ஒரு கிழமை தங்கிப் பார்த்தார். துவைத்து மடித்த சாரத்தில் தலை வைத்துப் படுத்து, மூக்கால் மூச்சுவிட்டுத் தூங்கினேன். என் பையிலிருந்த உடுப்பை அத்தையே எடுத்து அடுக்கிவிட்டு, தனியாக பஸ் ஏறினார். பீலிக் குளியலை மட்டும் அப்பா ஓய்வு பெறும்வரை விடவில்லை.

இன்று அந்த ஸ்டோர் பூட்டிக் கிடக்கிறது; கொழுந்து லொறியில் வேறெங்கோ போகிறது. ஹாலிஎலயில் என்னோடு இருக்கும் அப்பாவின் மேலும் அந்த வாசம் இல்லை. என் மூக்கு முழுசாகத் திருந்திவிடவில்லை; காற்றுக் காலத்தில் டொக்டர் தந்த மருந்தும் ஈரத்துணியும் வேண்டியிருக்கிறது. போன மாசம் பதுளை டவுனில் புதுத் தலகாணி வாங்கி வந்தேன். அப்பா வாசலிலேயே மறித்து வாங்கி, அமுக்கிப் பார்த்து, தட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, பிறகுதான் கையில் தந்தார்.

“பயப்படாமப் படு பாப்பா. இது நான் தச்சது இல்ல.”